ஒற்றைக்கண் இன்ஜினியர் நலமா?

பிப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் எனக்கு ஓர் எதிரி கிடைத்திருக்கிறாள். பழைய எதிரிகளெல்லாம் செத்தும் சலித்தும் போய் வாழ்க்கை சப்பென்று கிடந்தது. அந்தக் குறை தீர்ந்தது.

காலையில் முன் அறை மேசையில் உட்கார்ந்து, பாலத்தடி பல் டாக்டருக்குப் போகவேண்டிய கடைவாய்ப் பற்களைப் பஞ்சு வைத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் பல் செய்கிறவர்கள் என்றால் சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஓட்டை விழுந்ததும் டாக்டரிடம் ஓடுவார்கள். அவர் வாயை ஸ்கேன் பிடித்து நமக்குத்தான் மெயிலில் அனுப்புவார். அக்கா மகள் கம்ப்யூட்டரில் பல்லை வரைவாள், மிஷின் வெள்ளைக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கும், சூளையில் வெந்து, மெருகேறி, கடைசியில் என் மேசைக்கு வரும். என் கை படாத பல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் யாரும் சிரிப்பதில்லை.

அப்போதுதான் கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். வணக்கம் கிடையாது, சிரிப்பு கிடையாது. நேரே என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து வயர்களைத் துழாவினாள்.

"யாரும்மா நீ, எலி பிடிக்க வந்தியா?" என்றேன்.

"எலி உள்ள வராம பாக்க வந்திருக்கேன் சார்" என்றாள், தலையைத் தூக்காமலே.

அக்கா மகள்தான் வரவழைத்திருக்கிறாள். அக்கரையில் இருக்கும் பல் பட்டறைக்குள் போன மாதம் யாரோ கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்து ஸ்கேன், ஆர்டர், டிசைன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்களாம். சாவி வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டல். பாதி வாயோடு நின்ற நோயாளிகள் டாக்டர்களைத் திட்ட, டாக்டர்கள் வேறு பட்டறைக்கு ஓட, அங்கே ஷட்டரை இறக்கியாயிற்று. அதைக் கேட்ட நாளிலிருந்து அக்கா மகளுக்குத் தூக்கம் இல்லை.

எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. திருடன் வந்தால் நான் இருக்கிறேன். வாலிபத்தில் ஒற்றைக் கையால் மூன்று திருடர்களை மடக்கியவன் நான். இரண்டு பேர்தான் என்று அக்கா சொல்வாள். அதில் ஒருத்தன் பேப்பர் போட வந்தவன் என்றும் சொல்வாள். அக்காவுக்கு ஞாபக மறதி.

வந்தவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர் வைத்தாயிற்று.

பிப்ரவரி 5, புதன்

பட்டறையில் எல்லாரும் என்னை மாமா என்பார்கள். கூரியர்க்காரன்கூட மாமா என்பான். இவள் மட்டும் 'சார்'. அந்த ஒரு சொல்லிலேயே ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று எல்லாரையும் நிற்க வைத்துச் சட்டம் படித்தாள். ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் வைக்காதே. தெரியாத மெயிலைத் திறக்காதே. கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கிற பின்னறைக் கதவைத் திறந்து போடாதே. பட்டறையின் ஃபைல்களுக்கு ஒரு நகல் எடுத்து வேறெங்கோ வைக்கப் போகிறாளாம். நம் கூரைக்கு அடியில் இருப்பதை நம்பாதவளை நான் எப்படி நம்புவது?

பிறகு என் மேசைக்கு வந்தாள். மேசைமேல் பட்டறை செல்போன் இருக்கிறது, ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும். இனிமேல் யாராவது வெளியிலிருந்து நம் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டுமென்றால் கடவுச்சொல் மட்டும் போதாதாம். இந்தப் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வருமாம், அதையும் போட்டால்தான் கதவு திறக்குமாம்.

"இது கொஞ்ச நாளைக்குத்தான் சார். சாவி மாதிரி ஒரு சின்ன கருவி ஆர்டர் பண்ணியிருக்கேன். அது வர்ற வரைக்கும் இந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. நான் கேட்டாலும் சொல்லக் கூடாது. கடவுளே போன் பண்ணாலும் சொல்லக் கூடாது."

"கடவுள் எனக்குப் போன் பண்ண மாட்டார்மா. நேர்லயே வருவார்."

மாவுக்காரர் கெக்கெக்கென்று சிரித்தார். (உள்ளே பிளாஸ்டர் மாவு கரைத்து அச்சு ஊற்றுபவர். எப்போதும் உடம்பெல்லாம் வெள்ளை.) அவள் உதடு அசையவில்லை. சிரிக்கத் தெரியாதவளைப் பல் பட்டறையில் விட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 12, புதன்

இன்று எழுத்து கோணலாக வருகிறது. கோபத்தில்தான், வேறு ஒன்றும் இல்லை.

காலையில் பாலத்தடி டாக்டர் பெயரில் ஒரு மெயில். 'அவசரம். நாளை கல்யாணம், மணப்பெண் படியில் விழுந்து முன்பல் இரண்டும் போய்விட்டது, அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிறாள், ஸ்கேனை இணைத்திருக்கிறேன்.' மனசு இருக்கிறவன் என்ன செய்வான்? திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பாக ஆனது. நடுவில் கொட்டை எழுத்தில்: 'இதை நீங்கள் திறந்திருக்கக் கூடாது.'

அனுப்பியது அவள்! சோதனையாம்! பெண்ணும் பொய், பல்லும் பொய், கல்யாணமும் பொய். பட்டறையில் எல்லாருக்கும் அனுப்பினாளாம், திறந்தது நான் ஒருவன்தானாம். மற்றவர்களுக்கெல்லாம் நெஞ்சில் ஈரமே இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அதை யார் பேசுகிறார்கள்? மாவுக்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அச்சு கீழே விழுந்து உடைந்தது. நல்லா வேணும்.

"டாக்டரோட முகவரியே இல்ல இது சார். எப்பவும் வர்ற முகவரிதானான்னு பாக்கணும். சந்தேகம்னா ஒரு போன் போட்டுக் கேக்கணும்."

"பொண்ணு அழுதுட்டு இருக்கா, நான் முகவரி பாத்துட்டு உக்காரவா?"

"பொண்ணே இல்லையே சார்."

அக்கா மகள் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள். சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து என் காதைத் திருகிய பிள்ளை. இன்று என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: "மாமா, நிஜத் திருடனா இருந்தா இந்நேரம் நம்ம ஷட்டர் இறங்கியிருக்கும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க வீட்ல அம்மாவுக்குத் துணையா இருந்துக்கங்க."

வீட்டில் இருப்பதா? அக்காவும் நானும் நாள் முழுக்க ஒரு வீட்டிலா? அதற்கு என்னைச் சூளையில் வைத்துச் சுட்டுவிடலாம். அந்த மேசையும் நாற்காலியும் போய்விட்டால் அப்புறம் நான் யார்? அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிற ஓர் ஆள். அவ்வளவுதானே?

நாளையிலிருந்து மெயிலை நான் தொடக் கூடாதாம். போன் மட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

போர். பின்னறைக் கதவுக்கு மாவு மூட்டையை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தேன். அவள் எடுத்தாள். வைத்தேன். எடுத்தாள். சாயங்காலம் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கும்தான். ஆனால் அவளுக்கு அதிகம்.

பிப்ரவரி 14, வெள்ளி

பல் தொழில் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் போட்டேன். நூற்றுக்கணக்கான பேர் இருக்கிற குழு. 'அனுபவத்துக்கு மரியாதை இல்லாத காலம்' என்று தலைப்பு. கடைசல் மிஷின்மேல் நான் கை வைத்து நிற்கிற போட்டோவும் சேர்த்தேன். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டதால் நல்ல கம்பீரம். பூட்டுக்காரி எப்படியெல்லாம் பூட்டு போட்டிருக்கிறாள், எண் வருகிற போனை என் மேசையில் வைத்துவிட்டு என்னையே எப்படி அவமானப்படுத்துகிறாள், எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன்.

கைதட்டும் பொம்மைகள் குவிந்துவிட்டன. பன்னிரண்டு. சரி, ஏழு.

பிப்ரவரி 18, செவ்வாய்

உலகத்தில் மனிதர்கள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள்!

மத்தியானம் போன். மிஷின் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து. குரல் தேன். 'சார்' இல்லை, 'ஐயா'.

"ஐயா, அங்க நீங்கதான் மூத்தவர்னு கேள்விப்பட்டோம். மிஷினைப் பத்தி உங்ககிட்ட பேசினாதான் விஷயம் புரியும்னாங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். மிஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் சத்தத்தை வைத்தே நான் கண்டுபிடிப்பேன் என்றேன். கேட்டுக்கொண்டான். போன வருஷம் அது நின்றுபோனபோது சர்வீஸ் ஆள் வருவதற்குள் நான் சரிசெய்துவிட்டேன் என்றேன். (பிளக்கைச் செருகினேன். அதுவும் சரிசெய்வதுதான்.) கேட்டுக்கொண்டான். நடுவில் கொட்டாவி இல்லை, 'அப்புறம் பேசலாம் மாமா' இல்லை. பூட்டுக்காரியைப் பற்றிச் சொன்னேன். பெருமூச்சே விட்டான்.

"எல்லா இடத்துலயும் இதே கதைதான் ஐயா. நாலு எழுத்துப் படிச்சிட்டு வந்து அனுபவஸ்தரை மிதிக்கிறாங்க."

என் வயிற்றில் பாலை வார்த்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

மிஷின் கம்பெனித் தம்பி மறுபடி கூப்பிட்டான். இன்று கடவுச்சொல் பற்றிப் பேச்சு வந்தது. "பூட்டுக்காரி என்ன பெரிய பூட்டு போடறா, என் கடவுச்சொல்லை இன்னைக்கு வரைக்கும் எவனாவது கண்டுபிடிச்சானா?" என்றேன். என் பட்டப்பெயர், பிறந்த வருஷம், கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி! அந்த ஆச்சரியக்குறியில்தான் சாமர்த்தியமே என்று விளக்கினேன்.

"என்னா மூளை ஐயா உங்களுக்கு!" என்று ஐந்து நிமிஷம் அசந்துபோனான்.

அக்கா மகள் எப்போது வெளியூர் போவாள், எப்போது வருவாள் என்றும் விசாரித்தான். அடுத்த புதன் டாக்டர்கள் கூட்டத்துக்குப் போகிறாள், அன்றைக்குப் பட்டறையே என் கையில் என்றேன். உண்மைதானே? போனும் பட்டறையில்தானே இருக்கிறது?

பிப்ரவரி 21, வெள்ளி

"போன்ல யாருடா அப்படிக் குழையறே?" என்று அக்கா கேட்டாள். "ஒரு ரசிகன்" என்றேன். "பாவம்" என்றாள். என்னையா அவனையா, தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பூட்டுக்காரியோடு வாய்த்தகராறு. அந்தச் சாவிக் கருவி வியாழக்கிழமை வந்துவிடுமாம். வந்ததும் என் மேசைப் போனுக்கு எண் வருவது நின்றுவிடும். முதலில் மெயிலைப் பிடுங்கினாள், இப்போது எண்ணையும் பிடுங்குகிறாள். கடைசியில் ஸ்டூலைப் போட்டு நாற்காலியையும் எடுத்துக்கொள்வாள்.

"சார், அந்த எண்ணை யாராவது கேட்டாங்களா?"

"என்னை யாரும்மா எதையாவது கேக்கறாங்க இங்க?"

பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். மூஞ்சியில் அறைந்தது போல இருந்திருக்கும். இருக்கட்டும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாளைக்குப் பூட்டுக்காரியின் ஆட்டம் முடிகிறது!

தம்பி சொல்லிவிட்டான். நாளை மத்தியானம் மிஷினை அவர்கள் அங்கிருந்தே சீர் பண்ணுவார்கள். பூட்டுக்காரி போட்டிருக்கிற குறுக்குப் பூட்டால்தான் மிஷின் தேய்கிறதாம், அதைக் கழற்றுவார்கள். அதற்கு ஒரு எண் வரும், நான் படித்துச் சொன்னால் போதும். பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து அக்கா மகளுக்கே கடிதம் வரும்: 'உங்கள் மாமாவைப் போன்றவரை இழந்துவிடாதீர்கள்.' பெரிய எழுத்தில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், கண்ணாடி போட்டு மாட்டுவதற்கு.

எண்ணைச் சொல்லக் கூடாது என்றாளே? கடவுள் கேட்டாலும் என்றாள். மிஷின் செய்தவன் கேட்டால் என்று சொல்லவில்லை. வீட்டைக் கட்டியவனுக்குக் கதவைத் திறக்கக் கூடாதா?

சந்தோஷத்தில் இன்று தம்பிக்கு ஒரு புதுச் சரக்கை அவிழ்த்துவிட்டேன். உங்கள் தலைமை அலுவலகத்துக்கே நான் வந்திருக்கிறேன் தெரியுமா என்றேன். அங்கே ஒற்றைக்கண் இன்ஜினியர் ஒருவர் இருந்தார், மிஷினின் மூலப்படத்தையே வரைந்தவர், அவருக்குப் புரியாத ஒரு கோளாறை நான் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே கண்டுபிடித்தேன், அவர் தன் கழுத்துப்பட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார் என்று அடித்துவிட்டேன். ஒற்றைக்கண் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. வாயைத் திறந்தேன், ஆள் வந்து நின்றுவிட்டார். நல்ல உயரம். இடது கண்ணில் கறுப்புத் துணி. பேரக்குழந்தைகள்கூட வைத்துவிட்டேன்.

என் சரக்கிலேயே இதுதான் உச்சம். அக்கா கேட்டால் 'நீ இந்த ஊரைத் தாண்டினதே கிடையாதேடா' என்பாள். அதனால்தான் அக்காவிடம் சொல்வதில்லை.

பிப்ரவரி 26, புதன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். பூட்டுக்காரி அப்படித்தான் சொல்ல வைத்தாள், அதே வரிசையில் எழுதிவிடுகிறேன்.

அக்கா மகள் காலையிலேயே போய்விட்டாள். பூட்டுக்காரி பின்னறையில் இருந்தாள். மத்தியானம் தம்பி கூப்பிட்டான். எப்போதையும்விடத் தேன்.

"ஐயா, நேத்து நீங்க சொன்னதை எங்க பெரியவர்கிட்ட சொன்னேன். அவர் எழுந்தே நின்னுட்டார்! ஒற்றைக்கண் சாரும் நீங்களும் நிக்கற போட்டோ எங்க ஹால்லதான் மாட்டியிருக்கு ஐயா. தினமும் அதைப் பாத்துட்டுத்தான் நாங்க உள்ள போறோம். இப்ப ஒரு எண் வரும் பாருங்க..."

எண் வந்தது. போன் குலுங்கியது. முதல் இரண்டு இலக்கத்தைப் படித்துவிட்டேன். போட்டோ. ஹாலில். தினமும்...

என்ன போட்டோ?

யோவ், அந்த ஆளே கிடையாதே! நேத்துதானே நான் அவனைப் பெத்தேன்! மத்தியானம் பொறந்தவனுக்கு மறுநாள் சுவத்துல போட்டோவா?

படிப்பதை நிறுத்தினேன். "ஐயா? மீதி நாலு இலக்கம் ஐயா?" என்றான். "ஐயா, சீக்கிரம், நேரம் போனா எண் செத்துடும்." அந்தச் 'சீக்கிரத்தில்' தேன் இல்லை. நான் எத்தனை பேருக்குக் கதை விட்டிருக்கிறேன்! எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்து, அவனுக்கு எது பிடிக்குமோ அதை எடுத்துப் பூசுவேன். இவன் என்னைப் பூசுகிறான். என் வேலையை என்னிடமே செய்கிறான்!

"ஒற்றைக்கண் சாருக்கு எந்தக் கண்ணு போச்சு?" என்றேன்.

"வலது கண்ணு ஐயா" என்றான். யோசிக்கவே இல்லை, படுபாவி.

வைத்துவிட்டேன்.

உடனே எனக்கு விளங்கிவிட்டது. இது பூட்டுக்காரியின் வேலை! மெயிலில் மணப்பெண், போனில் தம்பி. என்னை நாற்காலியிலிருந்து இறக்க ஆளை வைத்து நாடகம். இத்தனை நாள் என் கதைகளைக் கேட்டு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். மாவுக்காரரும் கூடவே. ரத்தம் தலைக்கேறிவிட்டது. பின்னறைக் கதவை உதைத்துத் திறந்தேன். (இழுத்துத் திறக்கும் கதவு. இரண்டாவது தடவைதான் திறந்தது.)

"நீ மனுஷியா? கிழவன்கிட்ட வெளையாடறதுக்கு ஒரு அளவு இல்ல? ஆளை வெச்சா போன் பண்ண வைக்கறே? ஐயா ஐயான்னு கொஞ்சி, எண்ணைப் பிடுங்கி, மறுபடியும் என்னைச் சிவப்புத் திரையில நிறுத்தலாம்னு பாத்தியா? இந்தா, ரெண்டு இலக்கம் சொல்லிட்டேன், போ, போய்ச் சொல்லு உன் முதலாளிகிட்ட!"

பட்டறையே ஓடிவந்து நின்றது. அவள் திருப்பிக் கத்துவாள் என்று நின்றேன். கத்தவில்லை. முகம் மாவுக்காரர் முகம் போல வெளுத்தது.

"சார், நான் யாரையும் போன் பண்ணச் சொல்லல."

ஒரே வரி. பொய் சொல்பவர்கள் அவ்வளவு குறைவாகப் பேச மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினாள். திரையில் என் பெயர் வரிசையாக. "உங்க பேர்ல, உங்க கடவுச்சொல்லைப் போட்டு, வெள்ளிக்கிழமையிலருந்து ஒருத்தன் வந்து வந்து பாத்திருக்கான். முதல் கதவைத் தாண்டிட்டான். ரெண்டாவது கதவுல நிக்கறான் சார். இந்த நிமிஷமும் நிக்கறான். அந்த எண்ணுக்காக." அப்புறம் மெல்ல, தனக்குத்தானே: "இதை நான்தான் தினமும் பாத்திருக்கணும்."

எல்லா வயரையும் பிடுங்கினாள். மிஷின் பாதிப் பல்லோடு நின்றது. பிறகு எனக்கு எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவன்கிட்ட என்னென்ன சொன்னீங்க? எல்லாம் சொல்லுங்க."

ஆரம்பித்தேன். "அவன் குரலைக் கேட்டவுடனே எனக்கு ஒரு சந்தேகம்..."

"சார். அலங்காரம் வேணாம். நடந்தது மட்டும்."

நடந்தது மட்டும். மிஷினைப் பற்றிக் கேட்டான், சொன்னேன். கடவுச்சொல் கேட்கவில்லை, நானே சொன்னேன். அக்கா மகள் ஊரில் இல்லாத நாளைச் சொன்னேன். குழுவில் போட்டோ போட்டேன், எண் என் மேசைக்கு வருகிறது என்றும் எழுதினேன். அவ்வளவுதான். அலங்காரம் இல்லாமல் சொன்னால் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னக் கதையை நான் சொன்னதே இல்லை. மாவுக்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருக்கலாம்.

"எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் கடைசியில்.

அதையும் சொன்னேன். ஒற்றைக்கண், கழுத்துப்பட்டை, பேரக்குழந்தைகள் வரை.

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்காது.

பிப்ரவரி 27, வியாழன்

அக்கா மகள் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பி வந்துவிட்டாள். காலையில் பட்டறையில் ஒரு மிஷின் ஓடவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் துருவிப் பார்த்து, எல்லாருடைய கடவுச்சொல்லையும் மாற்றி, எல்லா டாக்டர்களுக்கும் போன் போட்டு எச்சரித்தார்கள். ஒரு ஃபைலும் போகவில்லை.

என்னைக் கூப்பிட்டாள். கத்துவாள் என்று தயாராகப் போனேன்.

"ஏன் மாமா? முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட ஏன் மாமா?"

"நான் சொன்னதை நம்பினான்மா."

அவள் மேசையில் இருந்த பல்லை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"வீட்டுக்குப் போங்க மாமா" என்றாள்.

மார்ச் 2, ஞாயிறு

வீடு. அக்கா, நான், ஒரு ஃபேன்.

"திருடனைப் பிடிச்சது நான்தானே? என்னைத்தானே வீட்டுல உக்கார வெச்சிருக்காங்க?"

"திருடனைக் கூட்டிட்டு வந்ததும் நீதானேடா."

அக்காவுக்கு ஞாபக மறதி என்று எழுதியிருந்தேன். இல்லை.

தம்பியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. 'என்னா மூளை ஐயா உங்களுக்கு.' நாசமாய்ப் போகிறவன். அவனைச் சூளையில் வைத்துச் சுட்டு, கடைந்து, மெருகு போட்டு எவன் வாயிலாவது மாட்டிவிட வேண்டும். தினமும் கடித்துத் துப்பட்டும்.

நன்றாகக் கேட்பான். அதுதான் வயிறு எரிகிறது. அவ்வளவு நன்றாக யாரும் கேட்டதில்லை.

மார்ச் 5, புதன்

பூட்டுக்காரி வீட்டுக்கே வந்தாள்! அக்கா மகளும் கூட. என்னைக் கைது செய்யத்தான் என்று நினைத்து நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

அவன் வேறு இரண்டு பட்டறைகளுக்கும் போன் பண்ணியிருக்கிறான். ஒன்றில் எண்ணைச் சொல்லிவிட்டார்கள். அங்கே இப்போது எல்லாம் பூட்டிக்கிடக்கிறது. நம் மேசைக்கு நேற்று வேறொரு குரல் வந்ததாம். போனை எடுத்த பெண் பயந்து அலறி, நிஜ டாக்டர் ஒருவரையும் சேர்த்துத் திட்டி வைத்துவிட்டாளாம்.

"போனுக்கு ஆள் வேணும். பேச்சுல மயங்காத ஆள்" என்றாள் பூட்டுக்காரி, சுவரைப் பார்த்து.

"நான் மயங்கினேனேம்மா."

"ஒரு தடவை ஏமாந்த காது சார். இனிமே கூர்மையா இருக்கும். அதோட..." நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "பொய்யோட சத்தம் உங்களுக்குத் தெரியற மாதிரி எங்க யாருக்கும் தெரியல."

இது பாராட்டா, செருப்படியா? இரண்டும்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"கம்ப்யூட்டர் கிடையாது. குழுவுல போட்டோ கிடையாது. போன் மட்டும்."

"நாற்காலி?"

அக்கா மகள் சிரித்துவிட்டாள். "நாற்காலி அங்கேயேதான் மாமா இருக்கு."

மார்ச் 6, வியாழன்

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். மிஷின் கம்பெனி, பாங்கு, டாக்டர்கள், எல்லாருடைய நிஜப் போன் எண்களும் அதில். தெரியாதவன் எதையாவது கேட்டால், முதலில் ஒரு கேள்வி. பிறகு போனை வைத்துவிட்டு, தாளில் இருக்கும் எண்ணுக்கு நாமே திருப்பிக் கூப்பிட வேண்டும். அந்தக் கேள்விக்குத் தாளில் அவள் போட்டிருக்கிற தலைப்பு: 'மாமா கேள்வி'. என்னைக் கூப்பிடும்போது இன்னும் சார்தான். தாளில் மாமா.

மாவு மூட்டையைப் பின்னறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். எடுத்தாள். பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

மார்ச் 19, புதன்

மிஷின் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவன். வறட்டுக் குரல், அவசரம் வேறு.

"ஒற்றைக்கண் இன்ஜினியர் நலமா?" என்றேன்.

"யாரு சார்? அப்படி யாரும் இங்க இல்லையே."

"என் பேரையாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்ல சார். மன்னிச்சுக்கங்க. மிஷின் சர்வீஸுக்குத் தேதி கேக்கத்தான்..."

வைத்துவிட்டு, சுவரில் இருந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். அதே வறட்டுக் குரல்தான் எடுத்தது. போனை உள்ளே அக்கா மகளிடம் கொடுத்தேன்.

பூட்டுக்காரி கையில் பையோடு கடந்து போனவள் நின்றாள். "யார் சார் போன்ல?"

"என்னைத் தெரியாதவன்மா" என்றேன். "நம்பலாம்."